இளம் ஓபரா சோப்ரானோவின் முதல் ஐந்து ஆண்டுகள்: எதைப் பாடுவது, எங்கே பாடுவது, எதை மறுப்பது

ஓபரா மேடையில் மைக் கிடையாது. மேடைக்கு முன்னால் உள்ள குழியில் ஐம்பது அறுபது பேர் வாசித்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஒலியைத் தாண்டிக் கடைசி வரிசை வரைக்கும் பாடகியின் குரல் தன் பலத்திலேயே போய்ச் சேர வேண்டும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் ஏறக்குறைய 3,800 இருக்கைகள். ஜெர்மனியின் நடுத்தர ஊர்களில் உள்ள அரங்குகள் பலவற்றில் ஆயிரத்துக்கும் குறைவு. 24 வயது சோப்ரானோவுக்கு, அதாவது மிக உயர்ந்த பெண் குரலில் பாடுபவருக்கு, இந்த வித்தியாசம் மிகப் பெரியது. அந்த வயதில் குரல் இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கும். சின்ன அரங்கில் இயல்பாகக் கேட்கும் குரலைப் பெரிய அரங்குக்காக அழுத்திப் பாட ஆரம்பித்தால், முப்பது வயதுக்குள் மேல் ஸ்வரங்கள் ஆட ஆரம்பித்துவிடும்.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே அடிப்படையில் நிற்கிறது: இன்றைக்கு இருக்கும் குரலுக்கு வேலை தேடுங்கள், பத்து வருடம் கழித்து வரப்போகும் குரலுக்கு இப்போதே தேடாதீர்கள். இசைக் கல்லூரியில் பட்டம் முடித்த, அல்லது முடிக்கப்போகும் பாடகியை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம்.

குரல் எந்த வகை

ஜெர்மன் அரங்குகள் குரலை 'ஃபாக்' என்ற வகைப்பாட்டில் வைத்துத்தான் வேலைக்கு எடுக்கின்றன. இளம் சோப்ரானோவுக்குப் பொருந்தக்கூடிய வகைகள் மூன்று: சூப்ரெட், லிரிக் கொலொராத்துரா, லிரிக். ஒவ்வொன்றுக்கும் உரிய சில ஓபரா வேடங்களையும் சேர்த்துச் சொல்கிறோம். சூப்ரெட் என்றால் லேசான, துறுதுறுப்பான குரல்: செர்லினா, டெஸ்பினா, வேபரின் ஃப்ரைஷ்யூட்ஸில் வரும் ஆன்ஷென். கொலொராத்துரா என்றால் வேகமான ஓட்டங்களும் மிக உயர்ந்த ஸ்வரங்களும்: நோரினா, கில்டா, மோட்சார்ட்டின் மேஜிக் ஃப்ளூட்டில் வரும் இரவின் ராணி. லிரிக் என்றால் நீண்ட, நிறைவான வரிகள்: பமீனா, மிக்கயேலா, மிமி.

எந்த வகை என்பதை உங்களால் தொட முடிகிற மிக உயர்ந்த ஸ்வரம் தீர்மானிப்பதில்லை. ஒரு மணி நேரம் தொடர்ந்து எந்த உயரத்தில் களைப்பில்லாமல் பாட முடிகிறது என்பதே கணக்கு. பலர் சறுக்குவது இங்கேதான். எஃப்6 வருகிறது என்பதற்காக இரவின் ராணியைப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். (பியானோவின் நடு சி-யை சி4 என்று வைத்துக்கொண்டால், எஃப்6 ஏறக்குறைய 1,397 ஹெர்ட்ஸ்.) மேஜிக் ஃப்ளூட் ஜெர்மன் மேடைகளில் ஓயாமல் போடப்படுகிற ஓபரா, அதனால் அழைப்பு உடனே வந்துவிடும். அதன் பிறகு மூன்று வருடத்துக்கு வேறு எந்த வேடத்துக்கும் உங்கள் பெயர் யாருக்கும் ஞாபகம் வராது. ராணிக்கு இருப்பது இரண்டே இரண்டு ஏரியா (தனிப்பாட்டு), ஒன்றில் துயரம், ஒன்றில் கோபம், நடுவில் நீண்ட காத்திருப்பு. அதை வைத்து நடிப்பையோ வசன லாவகத்தையோ வளர்த்துக்கொள்ள முடியாது. எஃப்6 காய்ச்சல் நாளிலும் வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் ராணியைப் பட்டியலில் போடுங்கள்.

இன்னொரு பொறி, ஹும்பர்டிங்கின் 'ஹான்சலும் கிரேட்டலும்' ஓபராவில் வரும் கிரேட்டல். குழந்தை வேடம்தானே, லேசான குரலுக்குச் சரியாக இருக்கும் என்று தோன்றும். ஹும்பர்டிங்க் வாக்னரோடு வேலை செய்தவர். 1893-இல் வைமரில் அரங்கேறிய அந்த ஓபராவின் ஆர்கெஸ்ட்ரா வாக்னரின் தடிமனில் எழுதப்பட்டது. போதாததற்கு, ஜெர்மன் அரங்குகள் அதை டிசம்பரில் தொடர்ந்து போடும். பள்ளிப் பிள்ளைகளுக்காகக் காலைக் காட்சியும் இருக்கும். ஒப்புக்கொள்ளும் முன்பு இரண்டு கேள்வி கேளுங்கள்: ஆர்கெஸ்ட்ராவில் எத்தனை பேர், வாரத்துக்கு எத்தனை காட்சி?

சிறு வேடங்களைக் குறைவாக எண்ண வேண்டாம். மோட்சார்ட்டின் ஃபிகாரோவில் பார்பரினாவுக்கு இருப்பது தொலைந்த ஊசியைத் தேடும் ஒரே ஒரு குட்டி ஏரியா. 1786 மே 1-ஆம் தேதி வியன்னாவில் அதை முதலில் பாடியவர் ஆன்னா கோட்லீப், வயது 12. ஐந்து வருடம் கழித்து, 17 வயதில், மேஜிக் ஃப்ளூட்டின் முதல் பமீனா அவரேதான். நம் காலத்தில், இலங்கைப் பெற்றோருக்கு மெல்போர்னில் பிறந்த டேனியல் டி நீஸ் 1998-இல் 19 வயதில் மெட்ரோபாலிட்டனில் ஏறியதும் பார்பரினாவாகத்தான். 2005-இல் இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன் ஓபரா விழாவில் கிளியோபாட்ராவாக அவர் பெயர் எடுத்தது ஏழு வருடம் கழித்து, அதுவும் வேறொருவருக்குப் பதிலாகக் கிடைத்த வாய்ப்பில்.

ஐந்து ஏரியாக்கள்

ஆடிஷனுக்கு (குரல் தேர்வுக்கு) ஐந்து ஏரியா போதும். மூன்று அல்லது நான்கு மொழி, வெவ்வேறு நூற்றாண்டு, வேகத்தில் மாற்றம், ஆனால் எல்லாமே ஒரே ஃபாக். முதல் ஏரியாவை நீங்கள் தேர்ந்தெடுப்பீர்கள். இரண்டாவதைக் கேட்பது தேர்வுக் குழு. லேசான லிரிக் குரலுக்கு ஒரு மாதிரித் தொகுப்பு:

1. மோட்சார்ட், இத்தாலியன்: ஃபிகாரோவில் சூசன்னாவின் 'தே வியேனி, நோன் தார்தார்'.
2. பெல் கான்டோ (குரல் அழகை முன்னிறுத்தும் இத்தாலியப் பாணி): டொனிட்செட்டியின் டான் பாஸ்குவாலேயில் நோரினாவின் 'க்வெல் குவார்தோ'. ஓட்டங்கள், சிரிப்பு, நடிப்பு எல்லாம் ஒரே இடத்தில் தெரியும்.
3. ஜெர்மன்: ஃப்ரைஷ்யூட்ஸிலிருந்து ஆன்ஷெனின் 'கொம்ட் ஐன் ஷ்லாங்கர் புர்ஷ்'. ஜெர்மன் அரங்கில் இது கிட்டத்தட்டக் கட்டாயம். பாட்டு முடிந்ததும் கொஞ்சம் வசனம் பேசச் சொல்வார்கள், அதற்கும் தயாராக இருங்கள்.
4. ஃபிரெஞ்சு: கூனோவின் ஜூலியட் பாடும் 'ழ வே வீவ்ர்'.
5. ஆங்கிலம்: ஸ்ட்ராவின்ஸ்கியின் ரேக்ஸ் ப்ராக்ரஸில் ஆன் பாடும் 'நோ வேர்ட் ஃப்ரம் டாம்', அல்லது இன்னும் லேசான குரலென்றால் பிரிட்டனின் டைட்டானியா.

ஐந்தாவதில் ஒரு எச்சரிக்கை. ஆனுடைய காட்சி முழுசாகப் பாடினால் எட்டு நிமிடம் தாண்டும். முழுவதையும் பாட யாரும் விட மாட்டார்கள். கடைசி வேகப் பகுதியிலிருந்து தொடங்கும் ஒரு சுருக்கத்தைப் பென்சிலில் குறித்துத் தயாராக வைத்திருங்கள்.

'ஓ மியோ பாபினோ காரோ' நல்ல பாட்டுதான். ஆடிஷனில் மட்டும் அதைத் தவிர்த்துவிடுவது நல்லது. இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும், குழுவில் இருப்பவர்கள் அதை ஆயிரம் குரலில் கேட்டிருப்பார்கள், உங்கள் குரலைப் பற்றிப் புதிதாக எதுவும் அதில் தெரியாது. வேடத்தை முழுசாகப் பாட முடியாத ஏரியாவும் வேண்டாம். குழு ஏரியாவைக் கேட்கும்போது மனதில் எண்ணுவது முழு வேடத்தை. "நாளைக்கு மிமி பாடுவீர்களா?" என்று கேட்டால் ஆமாம் என்று சொல்ல முடியாத நிலையில், மிமியின் ஏரியாவைப் பட்டியலில் வைப்பது அவர்களைத் திசை திருப்புவதாகும்.

ஒரு ஏரியாவைக் கட்டுவது எப்படி: 'தே வியேனி'

எஃப் மேஜர், 6/8 தாளம், நிதான நடை. கேட்க எளிமையாக இருக்கும். பாடப் போனால்தான் அதன் கஷ்டம் தெரியும். தந்தி வாத்தியங்களைப் பெரும்பாலும் கையால் மீட்டுகிறார்கள், வில் படுவது குறைவு. ஆகவே பெரும்பாலான இடங்களில் உங்கள் வரிக்கு அடியில் நீளமாக ஒலித்துத் தாங்கும் ஸ்வரம் இருக்காது. குரலில் ஒரு சின்ன மேடு பள்ளம் இருந்தாலும் அப்படியே வெளியில் தெரியும். புல்லாங்குழலும் ஓபோவும் பஸூனும் இடையிடையே பதில் சொல்லும். உங்கள் நீட்டம் அவற்றின் நீட்டத்துக்கு நிகராக நிற்க வேண்டும்.

முதல் வேலை உரை. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் எழுதுங்கள். வரியின் மொத்தக் கருத்தை மட்டும் தெரிந்துகொண்டால் பற்றாது. பிறகு தாளத்தோடு, பாடாமல், பேசிப் பழகுங்கள். இத்தாலியனில் இரட்டை மெய்யை இரட்டையாகவே உச்சரிக்க வேண்டும். தமிழ் பேசுகிறவர்களுக்கு அது கைவந்த விஷயம், 'பட்டு'க்கும் 'பாடு'க்கும் நாக்கு வித்தியாசம் காட்டும். ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்தவர்கள் இதே இடத்தில் வாரக்கணக்கில் தடுமாறுவார்கள். உயிர் ஒலிகளை நேராக வையுங்கள்: 'ஓ' என்பது 'ஓவ்' ஆகக் கூடாது.

அடுத்து, ஒரே உயிரில் முழு மெட்டும். எல்லாச் சொல்லையும் விட்டுவிட்டு 'உ' என்ற ஒலியில் பாடிப் பாருங்கள். எங்கே மூச்சு தீர்கிறது, எங்கே ஸ்வரம் தாழ்கிறது என்பது அப்போதுதான் தெரியும். அந்த இடங்களைக் குறித்து, மூச்சு எடுக்கும் இடங்களை முடிவு செய்யுங்கள். ஒத்திகைக்கு ஒத்திகை மாற்றிக்கொண்டிருந்தால் மேடையில் பதற்றம் வரும்போது எதுவும் நிற்காது.

'நோத்தூர்னா ஃபாச்சே' என்ற இடத்தில் மெட்டு ஏ3 வரைக்கும் இறங்கும். அங்கே நெஞ்சுக் குரலை அழுத்தி ஒலி கூட்டப் பார்ப்பது எல்லோரும் செய்யும் தவறு. அழுத்தினால் அடுத்த வரியின் ஏற்றம் கனமாகிவிடும். வாயைச் சின்னதாக வைத்து, சொல்லைத் தெளிவாகச் சொன்னால் போதும். ஆர்கெஸ்ட்ரா அந்த இடத்தில் மெலிதாகத்தான் இருக்கிறது, கேட்கும். முடிவில் 'இன்கொரொனார்' என்ற சொல்லில் மெட்டு ஏ5-க்குப் போகும்போதும் சத்தம் கூட்ட வேண்டியதில்லை. சூசன்னா ஒரு தோட்டத்தில், இருட்டில், யாரையோ அழைப்பது போலப் பாடுகிறாள். ஒளிந்து நிற்கும் ஃபிகாரோ கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். சீண்டலும் உண்மையான காதலும் ஒரே வரியில் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள். ஆடிஷனில் இதைப் புத்துணர்ச்சியோடு பாடுவீர்கள். ஓபராவில் இது நான்காம் அங்கத்தில் வருகிறது, சூசன்னா மாலை முழுக்க மேடையில் ஓடியாடிய பிறகு. வேடத்தைத் தயாரிக்கும்போது வாரம் ஒருமுறையாவது முதல் அங்கத்திலிருந்து எல்லாவற்றையும் வரிசையாகப் பாடிவிட்டு, அதன் பிறகு இந்த ஏரியாவைப் பாடிப் பாருங்கள். பேச்சு நடையில் வரும் ரெசிடேட்டிவ் பகுதிகளையும் சேர்த்தே பாடுங்கள். சூசன்னாக்கள் களைத்துப் போவது அங்கேதான், ஏரியாவில் இல்லை.

மேல் ஸ்வரத்தில் சொல் ஏன் கரைகிறது

இதைப் புரிந்துகொண்டால் பல மாதப் போராட்டம் மிச்சமாகும். ஒவ்வொரு உயிரொலிக்கும் வாய்க்குழியில் ஒரு முதல் ஒத்ததிர்வு உண்டு. 'இ' ஒலிக்கு அது சுமார் 300 ஹெர்ட்ஸ். ஏ5 ஸ்வரத்தின் அதிர்வெண் 880. ஆக, நீங்கள் பாடும் ஸ்வரமே அந்த ஒத்ததிர்வைத் தாண்டி எங்கோ மேலே இருக்கிறது. அப்படியே 'இ' என்று இறுக்கிப் பிடித்தால் குரல் மெலிந்து கீச்சிடும், தொண்டை இறுகும். தாடையை இறக்கினால் ஒத்ததிர்வு மேலே ஏறி ஸ்வரத்தோடு சேரும். ஒலி தானாகவே பெருகும், உழைப்பு குறையும். பதிலுக்கு 'இ' கொஞ்சம் 'எ' பக்கமும், இன்னும் மேலே போனால் 'அ' பக்கமும் சாயும்.

சோப்ரானோவின் குரல் மாறும் இடம் ஈ5 முதல் எஃப் ஷார்ப்5 வரை இருக்கும். அந்த இடத்துக்கு இரண்டு ஸ்வரம் முன்னாலேயே தாடை மெல்ல இறங்கத் தொடங்க வேண்டும். மேலே போன பிறகு திறந்தால் திடீரென்று வேறொருவர் பாடுவது போல் கேட்கும். மேலே சொல் தெளிவாக இல்லையே என்று ஆசிரியர் சொன்னால், உயிரொலியோடு மல்லுக்கட்டாதீர்கள். முன்னும் பின்னும் வரும் மெய்யெழுத்துகளைக் கூர்மையாக்குங்கள். கேட்பவர்கள் சொல்லை அவற்றை வைத்தே பிடித்துக்கொள்வார்கள்.

பதிவு

இன்று முதல் வடிகட்டல் வீடியோவில்தான். ஒரே எடுப்பாக, வெட்டு ஒட்டு இல்லாமல் எடுக்க வேண்டும். எதிரொலி சேர்த்தால் அனுபவசாலிக் காதுக்கு உடனே தெரியும், நம்பிக்கை போய்விடும். சின்ன அறை வேண்டாம். உயரமான கூரை உள்ள தேவாலயக் கூடமோ கல்லூரிக் கச்சேரி அறையோ போதும். மைக்கை உங்களிடமிருந்து இரண்டரை, மூன்று மீட்டர் தள்ளி, முகத்தைவிடக் கொஞ்சம் உயரத்தில் வையுங்கள். மிக உரத்த ஸ்வரத்தைப் பாடிப் பார்த்து, அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி குறையுங்கள். கைபேசியில் தானாக ஒலி அளவை மாற்றும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அது மேல் ஸ்வரத்தை அமுக்கி, மெல்லிய ஸ்வரத்தைத் தூக்கி, குரலின் ஏற்ற இறக்கத்தையே தட்டையாக்கிவிடும். பியானோ மூடியைச் சின்னக் குச்சியில் நிறுத்துங்கள். முழங்காலிலிருந்து மேலே தெரியும்படி சட்டகம், பின்னால் வெற்றுச் சுவர். ஒரு வருடத்துக்கு மேல் பழைய பதிவை அனுப்ப வேண்டாம். அந்த வயதில் குரல் அதற்குள் மாறியிருக்கும்.

எங்கே விண்ணப்பிப்பது

இங்கே மூன்று பாதை இருக்கின்றன, ஒன்றோடொன்று கலந்தும் போகலாம்.

முதலாவது, அரங்குகளின் இளம் கலைஞர் திட்டங்கள். சான் ஃபிரான்சிஸ்கோவின் மெரோலா, அதைத் தொடர்ந்து வரும் ஆட்லர் ஃபெலோஷிப், மெட்ரோபாலிட்டனின் லிண்டெமான், சிகாகோவின் ரயன், லண்டன் ராயல் ஓபராவின் ஜெட் பார்க்கர், சூரிச், மியூனிக், ஃபிராங்க்ஃபர்ட் அரங்குகளின் ஓபரா ஸ்டுடியோக்கள், மிலானில் லா ஸ்காலா அகாடமி. சம்பளம் அல்லது உதவித்தொகை, தினசரி கோச்சிங், சிறு வேடங்கள், பெரிய வேடங்களுக்கு மாற்றாக நிற்கும் பொறுப்பு எல்லாம் கிடைக்கும். அமெரிக்காவில் விண்ணப்பங்கள் கோடை முடிவில் தொடங்கும்; நேரடி ஆடிஷன்கள் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நியூயார்க்கில் நடக்கும். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு, அதனால் உங்கள் ஃபாக்குக்கு அடுத்த பருவத்தில் (அரங்கின் நிகழ்ச்சி ஆண்டில்) வேடம் இருக்கிறதா என்று அரங்கின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். டோஸ்கா, வால்க்யூர் போன்ற கனமான குரல் கேட்கும் ஓபராக்களை மட்டும் போடுகிற அரங்குக்கு சூப்ரெட் எழுதிப் பயனில்லை.

காசு கட்டிப் பாடும் கோடைத் திட்டங்கள் நிறைய. ஒரு முழு வேடமும் உண்மையான ஆர்கெஸ்ட்ராவும் கிடைக்குமென்றால், படிக்கும் காலத்தில் ஒருமுறை போகலாம். பட்டம் முடித்த பிறகு அதற்குச் செலவழிக்கும் பணத்தை மொழி வகுப்புக்குச் செலவழியுங்கள்.

இரண்டாவது, போட்டிகள். ஒபராலியா, கார்டிஃப், நோயெ ஸ்டிம்மன், பெல்வெடேர், பார்சிலோனாவின் வின்யாஸ். வயது வரம்பு பெரும்பாலும் முப்பதை ஒட்டியே இருக்கும். பரிசைவிடப் பெரியது, நடுவர் வரிசையில் அரங்குகளின் பாடகர் தேர்வாளர்கள் உட்கார்ந்திருப்பது. தென்னாப்பிரிக்காவின் ப்ரிட்டி யெண்டே 2009-இல் பெல்வெடேரிலும் 2011-இல் ஒபராலியாவிலும் வென்றவர். நடுவே லா ஸ்காலா அகாடமி. 2013 ஜனவரியில் ரோசினியின் கோன்ட் ஓரிக்காக மெட்ரோபாலிட்டன் அவரை அழைத்தது, இன்னொரு பாடகி விலகியதால், குறுகிய அவகாசத்தில். முதல் நுழைவிலேயே மேடையில் இடறி விழுந்தார். எழுந்து பாடி அந்த இரவை வென்றார். அவ்வளவு குறைந்த நாளில் ஒரு வேடத்தை ஏற்க முடிந்தது முந்தைய வருடங்களின் பயிற்சியால்தான்.

மூன்றாவது, ஜெர்மன் நகர அரங்குகள். இதைத்தான் நாங்கள் மிகவும் பரிந்துரைப்போம். அரசு நிதியில் ஆண்டு முழுக்க இயங்கும் ஓபரா அரங்குகள் அங்கே ஏறக்குறைய எண்பது. நிரந்தரக் குழுவில் சேர்ந்தால் மாதச் சம்பளம், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் உண்டு. டயானா டாம்ராவ் 1995-இல் வூர்ட்ஸ்பர்க்கில் தொடங்கினார், பிறகு மான்ஹைம், பிறகு ஃபிராங்க்ஃபர்ட். மெட்ரோபாலிட்டனில் செர்பினெட்டா வேடத்தில் நின்றது 2005-இல். ஒரே பருவத்தில் நான்கைந்து வேடங்களைப் பழகிக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. ஜெர்மன் அரசு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் கலைஞர்களுக்கென்றே இருக்கும் இசட்ஏவி பிரிவில் குரல் காட்டினால், பிடித்திருந்தால் அவர்களே அரங்குகளுக்குப் பரிந்துரைப்பார்கள். ஜெர்மனியில் படித்து முடித்த வெளிநாட்டவருக்கு வேலை தேட 18 மாதம் தங்கும் அனுமதி உண்டு. அதனால் முதுகலையை அங்கே செய்வது இரண்டு விதத்தில் லாபம்.

ஆடிஷன் நாள்

எழுந்து மூன்று மணி நேரமாவது ஆன பிறகு பாடும்படி பார்த்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணி என்றால் ஆறரைக்கே எழ வேண்டும். இருபது நிமிடம் குரலைச் சூடாக்குங்கள், ஏரியாக்களை முழுசாகப் பாடித் தீர்க்காதீர்கள்.

பியானோக்காரருக்குக் கொடுக்கும் பிரதியில் பலர் தோற்கிறார்கள். இருபக்கமும் அச்சிட்டு, மூன்று வளையக் கோப்பில், பளபளக்கும் பிளாஸ்டிக் உறை இல்லாமல் கொடுங்கள்; விளக்கு அதில் பட்டுப் பிரதிபலித்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது. அடியில் இடது கை வரி வெட்டுப்படாமல் நகலெடுத்திருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். சுருக்கங்களைத் தடித்த பென்சிலில் குறியுங்கள். வேகத்தைச் சொல்லும்போது விரலைச் சொடுக்க வேண்டாம். முதல் இரண்டு வரியை மெதுவாக முணுமுணுத்துக் காட்டினால் போதும். பாடும்போது வேகம் பிடிக்கவில்லை என்றால் உங்கள் மூச்சாலும் சொல்லாலும் அவரை அழைத்துப் போங்கள். திரும்பிப் பார்த்து முறைப்பவரை ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் எந்தக் கண்டக்டரும் எடுக்க மாட்டார்.

முதல் அரை நிமிடத்தில் குழு பாதி முடிவெடுத்துவிடும். ஆகவே நீண்ட பியானோ முன்னுரை உள்ள ஏரியாவில் தொடங்க வேண்டாம். நடுவில் "நன்றி" என்று நிறுத்தினால் அது தோல்வி அல்ல. நேரம் இல்லை, தேவையானதைக் கேட்டுவிட்டார்கள் என்று மட்டுமே பொருள்.

முதல் ஒப்பந்தமும் ஒத்திகையும்

மேடை ஒத்திகையின் முதல் நாளே வேடம் முழுக்க மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும். ஆறு வாரம் மேடை ஒத்திகை. பிறகு ஆர்கெஸ்ட்ராவோடு உட்கார்ந்து பாடும் சிட்ஸ்ப்ரோபே, உடையோடு ஓட்டம், கடைசி ஒத்திகை, அரங்கேற்றம். ஜெர்மன் அரங்கில் காலையில் ஒரு ஒத்திகை, மாலையில் ஒன்று. மறுநாள் அட்டவணை முந்தின நாள் மதியம்தான் உறுதியாகும். ஊரை விட்டு வெளியே போக எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். வேறொரு அரங்கில் விருந்தாளியாகப் பாட நினைத்தால் அந்த நாட்களை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு ஒத்திகையிலும் முழுக்குரலில் பாடினால் மூன்றாம் வாரம் குரல் இருக்காது. 'மார்க்கிங்' பழகுங்கள்: மேல் ஸ்வரங்களை ஒரு ஸ்தாயி கீழே, தாளமும் சொல்லும் குறையாமல், மூச்சின் ஆதரவோடு பாடுவது. ஆதரவை விட்டுவிட்டு காற்றோட்டமாக முனகினால் முழுக்குரலைவிட அதிகக் கேடு. மார்க் செய்யப்போவதைக் கண்டக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆர்கெஸ்ட்ராவோடு முதல் சந்திப்பில் மட்டும் முழுக்குரல் கொடுங்கள், சமநிலையை அவர் அதை வைத்துத்தான் அமைப்பார்.

குரல்நாண்கள்

சூசன்னாவை முதலில் பாடிய நான்சி ஸ்டோரேஸுக்கு அரங்கேற்றத்தின்போது வயது 20. அதற்கு முந்தைய ஜூனில், அண்ணன் ஸ்டீபன் எழுதிய ஓபராவின் அரங்கேற்றத்தில், மேடையிலேயே அவர் குரல் போய்விட்டது. பல மாதங்கள் பாடவே இல்லை. இருபது வயதில் முன்னணிப் பாடகியாக ஓய்வில்லாமல் உழைத்தால் நடப்பது இதுதான், அன்றைக்கும் இன்றைக்கும்.

நலமாக இருக்கும்போதே பாடகர்களைப் பார்க்கும் தொண்டை மருத்துவரிடம் ஸ்ட்ரோபோஸ்கோப்பி (குரல்நாண் அதிர்வதைக் காட்டும் பரிசோதனை) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சிக்கல் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் இயல்பான குரல்நாண் எப்படி இருந்தது என்பதற்குச் சான்று வேண்டும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்றவை ரத்தம் உறைவதைத் தாமதிக்கும்; களைத்த குரல்நாணில் ரத்தக் கசிவு ஏற்படும் அபாயத்தைக் கூட்டும். காட்சி நாளில் அவற்றைத் தவிர்ப்பது பற்றியும் மாற்று பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். மரத்துப்போகச் செய்யும் தொண்டை ஸ்பிரே அடித்துக்கொண்டு பாடவே கூடாது. வலி தெரியாமல் காயத்தின் மேல் பாடுவீர்கள். குரல் கம்மினால் கிசுகிசுப்பதும் ஓய்வாகாது.

காட்சிக்குப் பின் ஒரு குடுவைத் தண்ணீரில் ஸ்ட்ரா முனையை இரண்டு சென்டிமீட்டர் மூழ்க வைத்து, ஐந்து நிமிடம் மெதுவாக 'உ' என்று ஊதிக்கொண்டே மேலும் கீழுமாகப் பாடுங்கள். எதிர் அழுத்தம் குரல்நாண்களின் மோதலைத் தணிக்கும். மறுநாள் காலை வித்தியாசம் தெரியும். இரண்டு வாரத்துக்கு மேல் கம்மல் நீடித்தால் மருத்துவரிடம் போக வேண்டும், ஆசிரியரிடம் அல்ல.

ஏஜென்ட், பணம், தேதிகள்

ஏஜென்ட் வேலை கிடைத்த பிறகே சம்பளத்தில் பங்கு எடுப்பார், பொதுவாக 10 முதல் 15 சதவீதம். பதிவுக் கட்டணம், இணையதளக் கட்டணம் என்று முதலிலேயே பணம் கேட்பவரோடு கையெழுத்துப் போடாதீர்கள். முதல் சந்திப்பில் அவரிடம் கேட்க வேண்டியது: என் ஃபாக்கில் உங்களிடம் ஏற்கெனவே எத்தனை பேர்? ஐந்து பேர் இருந்தால் நீங்கள் ஆறாவது.

பெரிய வேடம் சீக்கிரமாக வந்தால் மறுக்கும் வாசகத்தை முன்பே தயாராக வைத்திருங்கள். "இந்த வேடம் எனக்கு மூன்று வருடம் கழித்துப் பொருந்தும், இந்தப் பருவத்தில் இந்த இரண்டைப் பாடத் தயாராக இருக்கிறேன்" என்று மாற்றோடு மறுத்தால் அரங்கு கதவை மூடாது. காரணம் சொல்லாமல் மறுத்தால் அடுத்த முறை அழைக்க மாட்டார்கள்.

ஜெர்மன் மேடை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்றால், வழக்கமாக அந்தப் பருவத்தின் அக்டோபர் 31-க்குள் அரங்கு தெரிவிக்க வேண்டும். நீங்கள் விலகுவதானாலும் அதே கெடுதான். கெடு தாண்டி இரு தரப்பும் பேசாமல் இருந்தால் ஒப்பந்தம் இன்னொரு வருடம் தானாக நீளும். புது இடம் தேடும் ஆடிஷன்களும் அதே இலையுதிர் காலத்தில்தான் நடக்கும். ஆகவே முதல் பருவம் முடிந்த கோடை விடுமுறையிலேயே புதிய வீடியோவை எடுத்து, ஐந்து ஏரியாக்களில் எது இனி உங்கள் குரலுக்குச் சின்னதாகிவிட்டது என்று கோச்சோடு உட்கார்ந்து பார்த்து, அதை மாற்றிவிடுங்கள். செப்டம்பரில் ஒத்திகை தொடங்கிவிட்டால் அதற்கு நேரம் கிடைக்காது.